எந்தப் பொட்டுக்கும் பத்து விதை: கல்லடிக் கடதாசிக் கூட்டமொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை இரவுகளில் ஆறு பேர் கடதாசி விளையாடக் கூடுகிறார்கள். பலசரக்குக் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுபவர், தச்சர், ஆண் தாதி, ஓய்வுபெற்ற லிகிதர், வந்தாறுமூலையில் படிக்கும் மாணவர். ஐவர் சிறுவயதிலிருந்தே 304 ஆடி வளர்ந்தவர்கள். போக்கரை இந்த விறாந்தைக்குக் கொண்டுவந்தவர் மாணவர். லிமிட் இல்லாத, அதாவது பந்தய அளவுக்கு உச்சவரம்பு இல்லாத, டெக்ஸஸ் ஹோல்டெம் ஆடுகிறார்கள். ஆளுக்கு இரண்டு மூடிய கடதாசி, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து: முதல் மூன்று ஃபுளொப், நாலாவது டேர்ன், ஐந்தாவது ரிவர். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் பந்தயச் சுற்று. செக் என்றால் பந்தயம் வைக்காமல் விடுவது, கோல் மற்றவர் வைத்த அளவைப் போடுவது, ரெய்ஸ் அதைக் கூட்டுவது, ஃபோல்ட் கையை விடுவது.

பணம் கிடையாது. ஆளுக்கு 200 புளியங்கொட்டை. கடதாசி பார்க்குமுன் இருவர் கட்டாயம் போடும் பிளைண்ட் 1, 2. நடுவில் ஒரு சுளகு, அதுதான் பொட். இரவு முடிய ஒவ்வொருவரிடமும் மிஞ்சிய விதையை எண்ணி லிகிதர் கொப்பியில் எழுதுவார். அந்தக் கணக்கில் கடைசியாக வருபவர் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவ வேண்டும்.

இந்த ஆய்வு கடைக்காரரைப் பற்றியது. 304-இல் அந்தக் கூட்டத்தின் மிகத் திறமையான கை அவருடையது. விழுந்த கடதாசி ஒன்றும் அவருக்கு மறக்காது. ஆனால் போக்கரில் முதல் நான்கு கிழமையும் கோப்பை கழுவியவர் அவரே. நல்ல கடதாசி வராததால் அல்ல. நல்ல கடதாசி வந்த கைகளில்தான் அதிகம் இழந்தார் என்பதைக் கொப்பி காட்டியது.

304-ஐ அறியாதவர்களுக்கு ஒரு குறிப்பு. நான்கு பேர், 32 கடதாசி. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. ஒரு இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. தொடக்கத்தில் கேள்வி கேட்கும்போது உங்கள் கையைப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்கிறீர்கள். அதன்பின் துரும்பு, வெட்டு, எடுப்பு என்று ஆட்டம் நடக்கும், கேட்ட எண் அப்படியே நிற்கும். எண் என்பது கையின் பலத்தை மட்டும் சொல்வது. நடுவில் என்ன குவிந்திருக்கிறது என்பதோடு அதற்குத் தொடர்பில்லை. கடைக்காரரின் பழக்கம் இங்கிருந்து வந்தது என்றே தோன்றுகிறது.

கொப்பியில் தெரிந்தது

முதல் இரண்டு கிழமை இறுதிக் கணக்கு மட்டுமே எழுதப்பட்டது. மூன்றாம் கிழமையிலிருந்து லிகிதர் ஃபுளொப்புக்குப் பிந்திய பந்தயங்களையும் எழுதத் தொடங்கினார். இரண்டு இரவில் கடைக்காரர் வைத்த 31 பந்தயங்களில் 27 சரியாகப் பத்து விதை. பொட்டில் ஆறு விதை இருந்தபோதும் பத்து, நூறுக்குக் கிட்ட இருந்தபோதும் பத்து. கைப்பிடியில் இலகுவாக எண்ணி எடுக்கக்கூடிய அளவு அதுதான்.

பத்து விதை என்பது பெரியதா சிறியதா என்று தனியாகச் சொல்ல முடியாது. பொட்டில் 6 இருக்கும்போது 10 வைத்தால் எதிராளி 16-ஐ வெல்ல 10 போட வேண்டும். போட்டபின் மொத்தம் 26, ஆகவே அவருடைய கை 38 சதவீதத் தடவைக்கு மேல் வென்றால்தான் அவருக்குக் கட்டும். பொட்டில் 90 இருக்கும்போது அதே 10-க்கு அவர் 100-ஐ வெல்லப் பார்க்கிறார், 9 சதவீதம் போதும். முதலாவது கதவைச் சாத்துவது. இரண்டாவது திறந்து வைத்து உள்ளே வாங்க என்று கூப்பிடுவது.

இன்னொன்றும் தெரிந்தது. கூட்டத்தில் யாருக்கும் பொட் எவ்வளவு என்று தெரியாது. எல்லா விதையும் ஒரே பெறுமதி, சுளகில் கொட்டினால் பரந்து கிடக்கும். நாற்பதும் தொண்ணூறும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆய்வுக்கு எடுத்த கை

நான்காம் கிழமை. மழை, ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விட்டது, ஒரு சார்ஜர் லைட்டில் ஆட்டம் நடந்தது. எல்லோரிடமும் 200 அளவில் விதை.

ஆட்டோக்காரர் 2 போட்டு உள்ளே வந்தார். கடைக்காரரிடம் டயமன் ஏஸும் கிளாவர் ஏஸும். 8-க்கு ரெய்ஸ் செய்தார். அவருக்கு அடுத்து டீலர் இடத்தில் இருந்த மாணவர் கோல், ஸ்மோல் பிளைண்ட் ஃபோல்ட், பிக் பிளைண்டில் இருந்த தாதி கோல், ஆட்டோக்காரரும் மிச்ச 6-ஐப் போட்டார். நான்கு பேர், பொட் 33.

ஃபுளொப்: ஆட்டின் (ஹார்ட்ஸ்) பத்து, ஆட்டின் ஏழு, கிளாவர் மூன்று. இருவர் செக். கடைக்காரர் பத்து விதை. மாணவர் கோல், தாதி ஃபோல்ட், ஆட்டோக்காரர் கோல். பொட் 63.

டேர்ன்: ஸ்பேட் இரண்டு. யாருக்கும் உதவாத கடதாசி. ஆட்டோக்காரர் செக். கடைக்காரர் மறுபடியும் பத்து. இருவரும் கோல். பொட் 93.

ரிவர்: ஆட்டின் குயின். அதுவரை செக் செய்துகொண்டிருந்த ஆட்டோக்காரர் இந்தமுறை 80 விதையை எண்ணி முன்னே தள்ளினார். கடைக்காரர் சுளகைப் பார்த்தார். "நடுவில எவ்வளவு கிடக்கு மச்சான்?" என்று கேட்டார். "எண்ணிப் பாரன்" என்றார் ஆட்டோக்காரர். எண்ணவில்லை. "நாப்பது இரிக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு 80-ஐப் போட்டார். மாணவர் ஃபோல்ட்.

ஆட்டோக்காரர் கையில் ஆட்டின் கிங், ஆட்டின் ஐந்து. ஒரே இனத்தில் ஐந்து, ஃபிளஷ். மாணவரும் தன் கையைத் திறந்து காட்டினார்: ஸ்பேட் ஒன்பது, ஸ்பேட் எட்டு. ஆறோ ஜாக்கோ விழுந்திருந்தால் அவருக்குத் தொடர்ச்சியாக ஐந்து, ஸ்ட்ரெயிட். ஆட்டோக்காரர் 253 விதை கொண்ட சுளகைத் தன் பக்கம் இழுத்தார். கடைக்காரரின் இழப்பு 108.

"ரெண்டு ஏஸ வைச்சுக்கொண்டு தோத்தா விதிதான்" என்பது அவருடைய விளக்கம். மேசையில் பலரும் அதை ஒப்புக்கொண்டார்கள். லிகிதர் மட்டும் கையை அப்படியே கொப்பியில் எழுதி வைத்தார். இந்த ஆய்வு சாத்தியமானது அதனால்தான்.

பிழை எங்கே

மூன்று பேரின் கையும் திறந்து கிடந்ததால் டேர்ன் நிலையைச் சரியாகக் கணக்கிடலாம். தெரிந்த பத்துக் கடதாசியைக் கழித்தால் மிச்சம் 42. அதில் ஒன்பது ஆட்டினும் ஆட்டோக்காரருக்கு. ஆட்டின் அல்லாத மூன்று ஜாக்கும் மூன்று ஆறும் மாணவருக்கு. மொத்தம் 15 கடதாசி கடைக்காரரைத் தோற்கடிக்கும், 27 அவரை வெல்ல வைக்கும். இரண்டு பேருக்கு எதிராக 64 சதவீதம். விதி என்று சொல்வதற்கு இதில் ஒன்றுமில்லை. அவர் பலமான நிலையில் இருந்தார், அந்தப் பலத்துக்கு விலை வாங்கவில்லை.

ஃபுளொப்பில் ஆட்டோக்காரர் 10 போட்டு ஏற்கனவே நடுவில் இருந்த 53-ஐ வெல்லப் பார்த்தார். தேவை 63-இல் 10, அதாவது 15.9 சதவீதம். அவர் கண்ணுக்குத் தெரியாத 47 கடதாசியில் 9 அவருக்குச் சரி, 19.1 சதவீதம். பின்னால் ஒரு விதைகூட வெல்லாவிட்டாலும் கோல் கட்டும். மாணவருக்கு நிலைமை சற்று இறுக்கம்: தேவை 18.9, இருப்பது 17. ஆனால் ஸ்ட்ரெயிட் விழுந்தால் பின்னால் வாங்கக்கூடியது நிறைய இருந்ததால் அவர் கோலும் பிழையில்லை.

டேர்னில் இது இன்னும் மோசமானது. 63-க்குள் 10 என்பது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. மாணவருக்குத் தேவை 12 சதவீதம், இருப்பது 17.4. ஆட்டோக்காரருக்குத் தேவை 10.8, இருப்பது 19.6. கடைக்காரர் பந்தயம் வைத்து அவர்களைத் துரத்துவதாக நினைத்தார். நடந்தது அவர்களுக்குச் சந்தை விலையில் பாதிக்குக் கடதாசி விற்றது. கடையில் சீனியை அப்படி விற்க அவர் சம்மதிக்க மாட்டார்.

பொட்டைப் பார்த்து ஆடியிருந்தால் ஃபுளொப்பில் 22 அளவு, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. அப்போது முதலில் கோல் செய்பவருக்குத் தேவை 28.6 சதவீதம். ஃபிளஷுக்காகக் காத்திருப்பவரிடம் அடுத்த கடதாசிக்கு இருப்பது 19.1 மட்டும். இதனால் அவர் கட்டாயம் ஃபோல்ட் செய்வார் என்று சொல்ல முடியாது. 22 போட்டுவிட்டு ஃபிளஷ் விழுந்தால் பின்னால் சராசரியாக இன்னும் 38 விதை வாங்க முடியும் என்று அவர் நம்பினால் கோல் இன்னும் சரிதான். அந்த 38-ஐக் கொடுக்காமல் இருப்பது கடைக்காரரின் அடுத்த வேலை. உண்மையில் அவர் கொடுத்தது 80.

இங்கே இன்னொரு கணக்கு பலர் பார்க்காமல் விடுவது. ஃபுளொப்பில் பொட் 33, ஒவ்வொருவரிடமும் மிச்சம் 192. அதாவது கையிருப்பு பொட்டின் 5.8 மடங்கு. ஒருவர் மட்டும் கோல் செய்துகொண்டு வருகிறார் என்று வைத்தால், மூன்று சுற்றிலும் பொட்டின் மூன்றில் இரண்டு பங்கு வைத்துக்கொண்டு போக 22, 51, 119. கூட்டினால் சரியாக 192. ரிவரில் கையிருப்பு முழுவதும் இயல்பாகவே உள்ளே போய்விடும். பத்துப் பத்தாக வைத்தால் மூன்று சுற்றிலும் போவது 30. பெரிய கை கையில் இருந்தும் சிறிய பொட்டே வெல்லக் கிடைக்கும், தோற்கும்போது எதிராளி தீர்மானித்த பெரிய அளவில் தோற்க நேரும்.

ரிவர் கோல் தனியான பிழை. பொட்டில் 93, பந்தயம் 80, அவர் 80 போட்டு 173-ஐ வெல்லப் பார்த்தார். தேவை 31.6 சதவீதம். மூன்று தடவையில் ஒரு தடவையாவது ஆட்டோக்காரர் பொய் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு சுற்று செக் செய்து கோல் செய்து வந்தவர், மூன்றாவது ஆட்டின் விழுந்ததும் இரண்டு பேருக்கு முன்னால் 80 வைக்கிறார். அந்தக் கூட்டத்தில் அப்படிப் பிளஃப் அடிப்பவர் அவர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு வேடிக்கை: நடுவில் 40 என்று கடைக்காரர் நினைத்ததே உண்மையாக இருந்திருந்தால் அவருக்குத் தேவை 40 சதவீதம், கோல் இன்னும் கூடாதது. தவறான எண்ணை வைத்தும் அவர் கணக்குப் போடவில்லை.

முதல் ரெய்ஸையும் சொல்ல வேண்டும். 8 விதைக்கு எல்லோரும் உள்ளே வரும் மேசை அது. அங்கே முன்னால் ஒருவர் வந்திருக்கும்போது 12 வைக்கலாம். அதே மூவர் வந்தாலும் பொட் 49, மிச்சம் 188, நான்கு மடங்குக்கும் குறைவு. ஏஸ் ஜோடிக்கு ஃபுளொப்பில் யோசிக்க வேண்டியது குறையும்.

எடுத்த முடிவுகள்

அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் அரை மணித்தியாலம் பேசினார்கள். தச்சர் ஃபிக்ஸ்ட் லிமிட் ஆடலாம் என்றார், அளவு பற்றிய தொல்லையே இராது. லிகிதர் மறுத்தார். "நோயே அதுதானே தம்பி. எல்லாத்துக்கும் ஒரே எண்." அவர் சொன்னது சரி. ஃபிக்ஸ்ட் லிமிட்டில் பந்தய அளவு விதியால் கட்டப்பட்டிருக்கும். கடைக்காரரின் பழக்கம் மறையும், திருந்தாது.

கடைசியில் மூன்று மாற்றம்.

முதலாவது விதைகள். புளியங்கொட்டை 1, சோகி 5, கொட்டைப்பாக்கு 20. ஆளுக்கு 40 புளியங்கொட்டை, 16 சோகி, 4 பாக்கு. பந்தயத்தைச் சுளகில் நேராகக் கொட்டக்கூடாது. தன் முன்னால் வைக்க வேண்டும், சுற்று முடிந்ததும் டீலர் இனம் பிரித்துச் சேர்க்க வேண்டும். சுளகுக்குள் பாக்கு ஒரு பக்கம், சோகி ஒரு பக்கம் என்று கிடந்தால் 93-ஐ யாரும் 40 என்று சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது, நான்கு கிழமைக்குப் பொட்-லிமிட். அந்த ஆட்டத்தில் அதிகபட்சப் பந்தயம் பொட்டின் அளவு, ஆகவே பொட் தெரியாமல் ஆடவே முடியாது. ரெய்ஸ் செய்பவர் முதலில் கோல் செய்ததாக வைத்து, அதன்பின் வரும் மொத்தத்தை மேலே வைக்கலாம். மனக்கணக்குக்கு எளிய வழி: முன்னால் வைக்கப்பட்ட பந்தயத்தின் மூன்று மடங்கு, அதோடு பந்தயத்துக்கு முன் இருந்த பொட். பொட் 33, ஒருவர் 20 வைத்தால், அதிகபட்சம் 60-உம் 33-உம், 93. முதல் இரவில் இதை நான்கு தடவை பிழையாகச் சொன்னார்கள், பெரும்பாலும் கோல் தொகையைச் சேர்க்க மறந்து.

மூன்றாவது, ஒவ்வொரு சுற்றிலும் டீலர் பொட்டைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். போட்டி ஆட்டங்களில் இது வழக்கமில்லை. பொட்-லிமிட்டில் மட்டும்தான் ஆடுபவர் பொட்டைக் கேட்டு அறிய உரிமையுண்டு. லிமிட் இல்லாத ஆட்டத்தில் டீலர் எண்ணிச் சொல்ல மாட்டார். இங்கே பயிற்சிக்காக வைத்துக்கொண்டார்கள்.

மாணவர் ஒரு கார்ட்போட் துண்டில் எழுதிச் சுவரில் குத்தினார். பொட்டின் மூன்றில் ஒரு பங்கு வைத்தால் எதிராளிக்குத் தேவை 20 சதவீதம், பாதி வைத்தால் 25, மூன்றில் இரண்டுக்கு 28.6, முழுப் பொட்டுக்கு 33.3, இரண்டு பொட் வைத்தால் 40. கீழே பிளஃபுக்கு: மூன்றில் ஒரு பங்கு நாலுக்கு ஒரு தடவை வெற்றிபெற்றால் போதும், பாதி மூன்றுக்கு ஒரு தடவை, முழுப் பொட் இரண்டுக்கு ஒரு தடவை.

அடுத்த நான்கு கிழமை

ஐந்தாம் கிழமை கடைக்காரரின் பத்து விதை மறைந்தது. அதன் இடத்துக்கு முழுப் பொட் வந்தது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் "பொட்!" என்றார். ஒரு நிலையான எண்ணுக்குப் பதில் ஒரு நிலையான பங்கு. பாதி வைத்தியம்.

ஆறாம் கிழமைக் கை ஒன்று இதைக் காட்டியது. அவர் ஏஸ்-பத்துடன் 6-க்கு ரெய்ஸ், பிக் பிளைண்டில் தாதி மட்டும் கோல், பொட் 13. ஃபுளொப் ஸ்பேட் கிங், டயமன் ஏழு, கிளாவர் இரண்டு. ஃபிளஷ் இல்லை, ஸ்ட்ரெயிட்டும் இல்லை, துரத்துவதற்கு ஆளே இல்லாத காய்ந்த பலகை (நடுவில் திறந்து கிடக்கும் கடதாசிகள்). அவர் 13 வைத்தார். தாதி கோல். டேர்னில் பொட் 39, அவர் மறுபடியும் 39. தாதி மறுபடியும் கோல், கிங்-ஜாக். ரிவரில் இருவரும் செக். போனது 58.

அந்தப் பலகையில் கிங் இல்லாத, ஜோடி இல்லாத கை 13-க்கும் ஃபோல்ட் ஆகும், 4-க்கும் பெரும்பாலும் ஃபோல்ட் ஆகும். கிங் உள்ள கை இரண்டுக்கும் கோல். ஆகவே 13 வைத்து வாங்கக்கூடியதை 4 வைத்தே வாங்கலாம். 13-க்கு எதிராளி பாதித் தடவை ஃபோல்ட் செய்ய வேண்டும், 4-க்கு நாலில் ஒன்றுக்கும் குறைவு. பொட்டின் அளவு முதல் கேள்வி, அந்தப் பலகையில் யாருக்கு என்ன வரக்கூடும் என்பது அதோடு சேர்ந்த கேள்வி. வரக்கூடிய கடதாசி நிறைய இருந்தால் பங்கைக் கூட்டு, இல்லாவிட்டால் குறை. ஆட்டின் பத்து-ஏழு விழுந்த அன்று 22 சரி, இன்று 4 போதும். இதைச் சுவரில் இருந்த கார்ட்போட் சொல்லவில்லை. அது மாணவரின் குறை அல்ல, பங்குகளை மட்டும் எழுதினால் போதும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஏழாம், எட்டாம் கிழமைகளில் கடைக்காரர் பந்தயம் வைக்குமுன் இரண்டு சொல் சொல்ல வேண்டும் என்று லிகிதர் கேட்டுக்கொண்டார்: பொட் எவ்வளவு, எவர் கோல் செய்ய வேண்டும் என்று விரும்புகிறார். மனதுக்குள் போதும், ஆனால் கை முடிந்ததும் கேட்டால் சொல்ல வேண்டும். ஆட்டம் கொஞ்சம் மெதுவானது. பந்தயங்கள் முதல்முறையாக 4, 9, 15, 30 என்று பல அளவில் வரத் தொடங்கின.

எதிர்ப்பக்கப் பிழை

ஒன்பதாம் கிழமையிலிருந்து மறுபடியும் லிமிட் இல்லாத ஆட்டம். பத்தாம் கிழமையில் பிழை வேறு ஒருவரிடம் வந்தது, எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த மாணவரிடமே.

அவரிடம் 82 மட்டும் இருந்தது. தச்சர் 8, மாணவர் பிக் பிளைண்டில் இருந்து கோல், பொட் 17. கையில் கிளாவர் ஜாக், கிளாவர் பத்து. ஃபுளொப் டயமன் ஜாக், கிளாவர் ஆறு, கிளாவர் மூன்று. மேல் ஜோடியும் ஃபிளஷுக்கான நான்கும். தச்சர் 12 வைத்தார், மாணவர் 40-க்கு ரெய்ஸ், தச்சர் கோல். பொட் 97, மாணவரிடம் மிச்சம் 34. டேர்ன் ஸ்பேட் கிங். மாணவர் பயந்து செக். தச்சர் ஓல்-இன், அதாவது மாணவரிடம் மிஞ்சிய முழுவதுக்கும் பந்தயம்.

மாணவர் தன் முன்னால் இருந்த ஒரு பாக்கையும் இரண்டு சோகியையும் நான்கு விதையையும் விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "முப்பத்திநாலெண்டாலும் மிஞ்சட்டும்" என்று ஃபோல்ட் செய்தார்.

34 போட்டு அவர் வெல்லப் பார்த்தது 131. தேவை 20.6 சதவீதம். தச்சரிடம் இருந்தது குயின் ஜோடி. ஒன்பது கிளாவர், இரண்டு ஜாக், மூன்று பத்து, ஆக 14 கடதாசி மாணவரைக் காப்பாற்றும். 46-இல் 14, 30 சதவீதத்துக்கு மேல். அவற்றில் நான்கைத் தவறு என்று கழித்தாலும் பத்து மிஞ்சும், 21.7, அப்போதும் கோல் கட்டும். அவர் பார்த்தது தன் கையிருப்பை. பார்க்க வேண்டியது சுளகை.

ஆனால் உண்மையான பிழை டேர்னில் அல்ல, ஃபுளொப்பில். மிச்சம் 74 இருக்கும்போது 40 போட்டால் பாதிக்கு மேல் போய்விட்டது. அதன்பின் ஃபோல்ட் செய்ய இடமே இல்லை. அந்த நிலையில் 74-ஐயும் அங்கேயே தள்ளியிருந்தால் தச்சர்தான் முடிவெடுக்க வேண்டியவர், மாணவருக்கு இரண்டு கடதாசி பார்க்க உரிமை. கையிருப்பு பொட்டின் நான்கைந்து மடங்குக்குள் இருக்கும்போது ரெய்ஸ் செய்யுமுன், அடுத்த சுற்றில் பொட் எவ்வளவு, என்னிடம் எவ்வளவு என்று ஒரு தடவை போட்டுப் பார்த்தால் போதும்.

அன்று கோப்பை கழுவியவர் மாணவர். கடைக்காரர் "மருமகன், சுவரில எழுதிப்போட்டு நீயே பாக்கல்லையே" என்றது தவிர வேறு விமர்சனம் எழவில்லை.

விளைவு

பதினோராம் கிழமையில் நான்காம் கிழமையைப் போன்ற கை கடைக்காரருக்கு வந்தது. கிங் ஜோடி, நான்கு பேர், பொட் 33, இரண்டு ஸ்பேட் உள்ள ஃபுளொப். அவர் 22 வைத்தார், தாதி மட்டும் கோல், பொட் 77. டேர்னில் ஒன்றும் விழவில்லை, அவர் 50 வைத்தார். தாதி கொஞ்ச நேரம் கார்ட்போட்டைப் பார்த்துவிட்டு ஃபோல்ட். ஃபிளஷுக்குக் காத்திருந்ததாகப் பின்னர் சொன்னார். 47 விதை இலாபம், அவ்வளவுதான். கதையாகச் சொல்ல ஒன்றும் இல்லாத கை.

பன்னிரண்டு கிழமை இறுதிக் கணக்கில் கடைக்காரர் கீழிருந்து மூன்றாவது. இதை வைத்து அவர் தேறிவிட்டார் என்று சொல்ல முடியாது. கடதாசியின் அதிர்ஷ்டம் இவ்வளவு குறுகிய காலத்தில் எவரையும் மேலேயோ கீழேயோ கொண்டுபோகும். மதிப்பிடக்கூடியது பந்தயங்களைத்தான். கடைசி இரண்டு இரவில் அவர் வைத்த பந்தயங்களில் பொட்டின் கால் பங்குக்குக் குறைவானவை மூன்று, அவற்றில் இரண்டுக்குக் காரணம் சொல்ல முடிந்தது. ரிவரில் பெரிய பந்தயத்துக்குச் சந்தேகத்தில் கோல் செய்யும் பழக்கம் மட்டும் முழுதாகப் போகவில்லை. பொட்டைச் சரியாக எண்ணுகிறார், தேவையான சதவீதத்தையும் சொல்கிறார், எதிராளி யார் என்பதை மறந்துவிடுகிறார்.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

பொட்-லிமிட் நான்கு கிழமை அதிகம், இரண்டு போதும். அங்கே பொட்டுக்கு மேல் வைக்க முடியாததால், லிமிட் இல்லாத ஆட்டத்துக்குத் திரும்பியதும் யாரும் பொட்டுக்கு மேல் பந்தயம் வைக்கத் துணியவில்லை. ரிவரில் எதிராளியால் மிகப் பலமான கையை வைத்திருக்கவே முடியாது என்று தெரியும் இடங்களில் அது ஒரு இழப்பு.

பந்தயத்தையும் பொட்டையும் முதல் கிழமையிலிருந்தே சேர்த்து எழுதியிருக்க வேண்டும். இறுதிக் கணக்கு மட்டும் இருந்த இரண்டு கிழமை எதையும் சொல்லவில்லை, கோப்பை கழுவியவர் யார் என்பதைத் தவிர.

டீலர் சத்தமாகச் சொல்வதை ஆறாம் கிழமையிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். யாரோ சொல்வார்கள் என்று தெரிந்தால் யாரும் எண்ண மாட்டார்கள். பன்னிரண்டாம் கிழமையில் அதை நிறுத்திவிட்டு, சில கைகளில் டேர்னுக்கு முன் எல்லோரும் ஒரு துண்டுக் கடதாசியில் பொட்டை எழுதிக் கவிழ்த்து வைத்தார்கள். அன்று சுளகில் 64 இருந்த ஒரு கையில் தச்சர் 50, ஆட்டோக்காரர் 80, மாணவர் 45 என்று எழுதியிருந்தார்கள். கடைக்காரர் எழுதியது 62. இரண்டு விதை எங்கே போனது என்று அவர் பாயைத் தூக்கிப் பார்த்தார். ஃபோல்ட் செய்த ஒருவர் முதலில் போட்டிருந்த இரண்டையும் சேர்க்க மறந்திருந்தார்.